பஞ்சு, ரவை, திருகாணி

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறி ஓடும் தெருக்களில் நெய்வது பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் காயம் கட்ட வரும் அந்த வெள்ளைச் சல்லாத் துணிக்கு ஊர் பேர்போனது. மருந்துக் கடை அலமாரியில் அந்தத் துணிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பஞ்சுச் சுருளுக்கு வைத்தியத்தோடு சம்பந்தமில்லாத இன்னொரு வேலையும் உண்டு. ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் கம்பெனி செய்யும் டி50ஆர்பி என்ற ஹெட்போனின் கிண்ணத்தைத் திறந்து, நெல்லிக்காய் அளவு பஞ்சைப் பிரித்து உள்ளே பரப்பி மூடினால், அதே பாட்டு வேறு மாதிரி கேட்கிறது. ஒலியை எழுப்பும் பாகமான டிரைவரின் பின்பக்கம் எழும் ஒலி கிண்ணத்தின் பிளாஸ்டிக் சுவரில் மோதித் திரும்பி, முன்பக்க ஒலியோடு கலந்து குழப்பும். பஞ்சின் இழைகளுக்கு நடுவே காற்று உரசிப் போகும்போது அந்த ஒலி கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பஞ்சு வேலையிலிருந்து கம்பெனிகளே பிறந்திருக்கின்றன. அமெரிக்காவில் டான் கிளார்க் என்பவர் இதே டி50ஆர்பியைப் பிரித்து மாற்றி ‘மேட் டாக்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். இன்று அவர் பெயரிலேயே இயங்கும் கம்பெனி, லட்சங்களில் விலை போகும் ஹெட்போன்களைச் செய்கிறது. மரக் கிண்ண ஹெட்போன்களுக்குப் பெயர் வாங்கிய சிகாகோவின் இசட்.எம்.எஃப். கம்பெனியும் டி50ஆர்பியைத் திறந்து பார்த்துத்தான் தொழில் கற்றது.

விலை உயர்ந்த ஹெட்போன் வாங்குகிறவர்கள் பொதுவாக அதை நகை மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். உறை, பெட்டி, பூட்டு. திறப்பது என்ற பேச்சே கிடையாது. கை வைத்தால் கெட்டுவிடும், கம்பெனிக்காரன் பார்த்துச் செய்ததில் நாம் என்ன கிழிக்கப் போகிறோம் என்ற பயம். இந்தப் பயம் தலைகீழானது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. ஹெட்போன் நகை அல்ல, இயந்திரம். அதில் தேயும் பாகங்கள் உண்டு, தேயாத பாகங்கள் உண்டு. தேய்வதை வீட்டிலேயே மாற்ற முடிந்தால்தான் அந்த விலைக்கு அர்த்தம். ஓசை எவ்வளவு இனிமையாக இருந்தாலும், பிரிக்க முடியாதபடி ஒட்டி மூடிய ஒரு ஹெட்போனை உயர்தரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேய்ந்ததை மாற்றத் தெரிந்தவருக்கு அடுத்த படியாக, தன் காதுக்கு ஏற்பத் திருத்தவும் உரிமை உண்டு. அதற்கு நிபந்தனைகள் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ராஜபாளையம் மில்ஸ் கம்பெனி பதிவானது 1936-ல். அதற்குப் பின் இந்தப் பக்கம் நூற்பாலைகள் நிறைய வளர்ந்தன. ரிங் ஃப்ரேம் என்கிற நூற்பு இயந்திரத்தில் வளையத்தைச் சுற்றி ஓடும் டிராவலர் என்று ஒரு துண்டு இருக்கிறது. நகத்துண்டு அளவுதான், அரைவட்டமாக வளைந்த எஃகுக் கம்பி. நூலை முறுக்கிக் கதிரில் சுற்றுவது அதுதான். நாள் முழுக்க வளையத்தில் உரசி ஓடுவதால் அதன் ஆயுள் சில நாட்களோ சில வாரங்களோதான். பிறகு கழற்றி எறிந்து புதிது மாட்ட வேண்டும். இழுவை உருளைகளின் ரப்பர் உறைகளை, மில்லில் ‘காட்ஸ்’ என்பார்கள், குறிப்பிட்ட இடைவெளியில் கழற்றித் தேய்த்துச் சமப்படுத்தி மறுபடி மாட்டுவார்கள். ஏப்ரன் கிழிந்தால் ஏப்ரன், ஸ்பிண்டில் ஆடினால் ஸ்பிண்டில். இப்படி மாற்றி மாற்றித்தான் இயந்திரத்தின் உடம்பு பல பத்தாண்டுகள் ஓடுகிறது. தேய்ந்த டிராவலரோடு ஓட்டுவது கம்பெனிக்காரன் அமைத்ததற்குக் கொடுக்கும் மரியாதை என்று எந்த ஃபிட்டரும் சொல்லமாட்டார்.

ஹெட்போனின் டிராவலர் எது என்றால், காதைச் சுற்றி உட்காரும் இயர்பேட்தான். நம் ஊரில் பஞ்சு, குஷன் என்று சொல்வது. உள்ளே பாலியூரிதேன் நுரை, மேலே செயற்கைத் தோல் அல்லது வெல்வெட் மாதிரியான துணி. செயற்கைத் தோலின் பாலியூரிதேன் பூச்சுக்கு ஈரம்தான் எமன். காற்றின் ஈரமும் வியர்வையும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும். இரண்டு மூன்று கோடையில் கறுப்புச் செதிலாக உரிந்து கழுத்திலும் தலையணையிலும் ஒட்டும். ஜெர்மனியிலிருந்தோ அயர்லாந்திலிருந்தோ வந்த பொருள், விருதுநகர் மாவட்டத்து ஏப்ரல் மாதத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும் அதன் பயனர் கையேட்டில் இல்லை. தலைப்பட்டையின் நுரை அந்த எண்ணெயைக் குடித்துக் கனத்துப் பிசுபிசுக்கும். நுரை அமுங்க அமுங்க டிரைவர் காதை நெருங்கி வரும். நெருங்கினால் நடு ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் மாறும். மூடிய வகை ஹெட்போனில் உறை விரிசல் விட்டால் கசிவு ஏற்படும். கசிந்தால் முதலில் போவது கீழ் ஸ்தாயி. மிருதங்கத்தின் தொப்பி நாதம் சன்னமாகிவிட்டதே, ஆம்ப்ளிஃபயர் போய்விட்டதோ என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்க யோசிப்பவரின் சிக்கல், பல நேரம் இந்த வளையத்துக்குள்தான் இருக்கும்.

மாற்றுவது எவ்வளவு எளிதாக இருக்க முடியும் என்பதற்கு நல்ல சாட்சி, சென்ஹைசரின் எச்.டி. 600. 1997-ல் வெளிவந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. இயர்பேடின் விளிம்பில் விரல் நுனியைக் கொடுத்து இழுத்தால், சட்டையின் அழுத்துப் பொத்தான் கழல்கிற மாதிரி சின்னச் சத்தத்தோடு வந்துவிடும். புதியதை வைத்துச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தினால் முடிந்தது. கேபிள் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பிடுங்கலாம். அதன் இரண்டு முனைகளில் ஒன்று தடிமன், ஒன்று மெலிசு, ஆகவே திருப்பிச் சொருகவே முடியாது. வெளி கிரில், தலைப்பட்டை மெத்தை, ஏன், டிரைவரே கூடத் திருகாணி இல்லாமல் கழன்று வரும். இதற்கு முந்தைய மாடல் எச்.டி. 580. அதன் கிரில் பிளாஸ்டிக், எச்.டி. 600-க்கு உலோக வலை. பழைய 580-ஐ வைத்திருந்தவர்கள் 600-ன் கிரில்லையும் கேபிளையும் மட்டும் உதிரிப் பாகமாக வாங்கி மாட்டி, அடுத்த மாடலுக்குக் கிட்டத்தட்ட வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார்கள். கம்பெனி இதனால் நஷ்டப்பட்டு மூழ்கவில்லை. 2022-ல் அதன் ஹெட்போன் பிரிவை, காது கேட்கும் கருவிகள் செய்யும் சுவிட்சர்லாந்தின் சோனோவா எடுத்துக்கொண்டது; அதன் பிறகும் இந்த மாடல் நிற்கவில்லை. வயது கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அதே காலத்தில் வாங்கிய செல்போன் ஒன்றை யாராவது காட்டட்டும்.

பிரிக்கத் தெரிவதால் தப்பிக்கும் செலவுக்கு ஓர் உதாரணம் போதும். திறந்த வகை ஹெட்போனில் ஒரு நாள் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் ‘கிர்’ரென்று அதிரும். தம்புரா ஒலித்தால் அதிராது, தவில் அடித்தால் அதிரும். டிரைவர் கிழிந்துவிட்டது என்று தோன்றும். பெரும்பாலும் கிழிந்திருக்காது, தலைமுடி ஒன்று உதிர்ந்து, நுரையைத் தாண்டி உள்ளே போய்ச் சவ்வின் மேல் படுத்திருக்கும். கீழ் ஸ்தாயியில் சவ்வு அதிகம் அசைவதால் முடி அதன் மேல் குதிக்கும். அந்தக் குதிப்புதான் ‘கிர்’. இயர்பேடைக் கழற்றி, மெல்லிய நுரைத் தட்டை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் முடியின் ஒரு நுனி வலையின் துளையில் எட்டிப் பார்க்கும். அந்த நுனியைக் கிடுக்கியால் பிடித்துப் பொறுமையாக வெளியே இழுக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது. எச்சில் படும், சவ்வும் சுருங்கும். வேக்குவம் கிளீனரை நினைக்கவே வேண்டாம். கால் மணி நேர வேலை. ஒட்டி மூடிய ஹெட்போனாக இருந்தால் இதே முடிக்கு ஒரு புது ஹெட்போன் பலி.

இப்போது எதிர்ப்பக்கத்து வாதங்கள். முதலாவது, கனமானது: காதும் செவிப்பறையும் வைத்துச் செய்த செயற்கைத் தலையும், எதிரொலி இல்லாத அறையும், பல பொறியாளர்களின் வருடங்களும் சேர்ந்து வடித்த ஓசையை, கத்தரிக்கோலும் பஞ்சும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மேம்படுத்துவாராக்கும்? இதில் பாதி நியாயம் உண்டு. பாகம் மாற்றுவதற்கு இந்த வாதம் பொருந்தாது. தேய்ந்த இயர்பேடை மாற்றுவது பொறியாளரின் வேலையைக் காப்பாற்றுவதுதான். திருத்துவதற்குத்தான் பொருந்தும். அங்கேயும் சான்றுகள் கம்பெனிக்கு முழுக்கச் சாதகமாக இல்லை. யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து, 2017-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார்: ஒரு ஹெட்போன் எந்த ஸ்தாயியை எவ்வளவு கொடுக்கிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பு தெரியவில்லை. அதாவது விலை கூடக் கூட எல்லோரும் ஒரே இலக்கை நோக்கி நெருங்கவில்லை. சென்ஹைசரின் எச்.டி. 800-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் அந்தக் கம்பெனியின் உச்சப் படைப்பாக வந்தது. 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அதில் ஒரு கூர்மை; சுருதிப் பெட்டி சுள்ளென்று குத்தும். வாங்கியவர்கள் டிரைவரைச் சுற்றியுள்ள வலையில் ஃபெல்ட் துண்டுகளை வெட்டி வைத்து அந்தக் கூர்மையை மழுக்கினார்கள். 2016-ல் கம்பெனியே எச்.டி. 800 எஸ் என்று ஒன்றை வெளியிட்டது. அதில் அந்த அதிர்வை உறிஞ்ச ஓர் ஏற்பாட்டைக் கூடுதலாகச் சேர்த்திருந்தது. வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் காது தப்பாகக் கேட்கவில்லை.

உண்மையில் இசைக் கருவியில் கை வைப்பது நமக்கு அந்நியமே அல்ல. மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன் என்ன செய்கிறார்? ரவையைத் தண்ணீரில் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புகிறார். சவ்வின் எடை கூடுகிறது, அதிர்வு மெதுவாகிறது, ஓசை கீழே இறங்குகிறது. ஒரு தட்டு, கொஞ்சம் ரவை கிள்ளி எடுப்பு, இன்னொரு தட்டு. கச்சேரி முடிந்ததும் சுரண்டித் துடைத்துவிடுவார். வலந்தலையில் இருக்கும் கருஞ்சாந்து நிரந்தரம். அது மிருதங்கம் செய்கிறவரின் கைவேலை. அந்தச் சாந்து ஏற்றிய தோல், சாதாரண மேளத் தோலைப் போல ஒழுங்கில்லாமல் அதிராமல், தந்தி போல ஒத்திசைவான ஸ்வரங்களைத் தருகிறது என்பதை சி.வி. ராமன் 1920-லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934-ல் விரிவாகவும் எழுதினார். தம்புராவுக்கு வாருங்கள். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் ஒரு துண்டுப் பருத்தி நூலை நுழைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்கள். சரியான இடத்துக்கு வந்ததும் தந்தி ரீங்கரிக்கத் தொடங்கும். அந்த நூலுக்குப் பெயரே ஜீவா. நாகஸ்வரக்காரர் சீவாளிகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அன்றைய காற்றுக்கு எது பேசுகிறதோ அது. கருவி செய்தவருக்கு இதனால் அவமானம் என்று யாரும் நினைத்ததில்லை. செய்பவரின் வேலை ஓர் இடத்தில் முடிந்து, வாசிப்பவரின் வேலை அங்கிருந்து தொடங்குகிறது. ஹெட்போனில் வாசிப்பவர் இல்லை, கேட்பவர்தான் இருக்கிறார் என்று மறுக்கலாம். ஆனால் ஒவ்வொரு காதுமடலும் ஒவ்வொரு மடிப்பு. காதுக்கு மேல் உட்காரும் கருவியின் கடைசி பாகம் அந்தக் காதுதான். கம்பெனியின் செயற்கைத் தலையில் இருப்பது யாரோ சராசரி மனிதரின் காது.

ரவை கற்றுத்தரும் நிபந்தனை ஒன்று உண்டு: துடைத்தால் போய்விட வேண்டும். டி50ஆர்பியின் கிண்ணத்துச் சுவரில் சின்னச் சின்னக் காற்றுத் திறப்புகள் உண்டு. உள்ளிருந்து மெல்லிய ஃபெல்ட் மூடியிருக்கும். அதன் மேல் துணி டேப்பை ஒட்டி முழுக்க மூடலாம், பாதி மூடலாம், ஒன்று மட்டும் திறந்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் கீழ் ஸ்தாயி ஏறும் இறங்கும். பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு அணைகளின் மதகைத் திறந்து வத்திராயிருப்புக் கண்மாய்களுக்குத் தண்ணீர் விடுகிற வேலை மாதிரிதான். அணையை யாரும் இடிப்பதில்லை. பலகை ஏறுகிறது, இறங்குகிறது. ஒரே நாளில் எல்லா மடையையும் திறந்துவிட்டு எந்த வயல் எதனால் நனைந்தது என்று கேட்பதில்லை. ஹெட்போன் திருத்துகிறவர்களில் பாதிப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான். இயர்பேட், பஞ்சு, டேப், கேபிள் நான்கையும் ஒரே சாயங்காலத்தில் மாற்றிவிட்டு, ஓசை கெட்டதும் எதைத் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் விழிப்பார்கள். டேப் ஒட்டலாம், பசை ஊற்றக் கூடாது. பஞ்சு வைக்கலாம், துளை போடக் கூடாது. கழற்றியதையெல்லாம் பழைய பெட்டியில் போட்டு வைக்க வேண்டும், முதல் நாள் வந்த இயர்பேட் உட்பட. அமெரிக்காவின் கிராடோ ஹெட்போன் பிரியர்களிடம் ஒரு வேடிக்கையான பழக்கம் இருந்தது. சென்ஹைசரின் எச்.டி. 414, 1968-ல் வந்த உலகின் முதல் திறந்த வகை ஹெட்போன். அதன் மஞ்சள் நுரை மெத்தை அன்றைக்குப் பிரசித்தம். அந்த மஞ்சள் மெத்தையை வாங்கி, நடுவில் கால் டாலர் நாணயத்தை வைத்து வட்டமாக வெட்டி, கிராடோவில் மாட்டுவார்கள். வெட்டு விழுவது நுரையில். ஹெட்போனில் ஒரு கீறல்கூட இல்லை. கோமாளித்தனமாகத் தோன்றினாலும் அறிவுள்ள வேலை.

அடுத்த வாதம், இதெல்லாம் மனப்பிரமை என்பது. இதை நான் தள்ளிவிட மாட்டேன். கையால் வேலை செய்தவருக்குத் தன் வேலை இனிமையாகத்தான் கேட்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. புது ஓசைக்குக் காது இரண்டு நாளில் பழகிவிடும். பழகியதை முன்னேற்றம் என்று எண்ணிக்கொள்வோம். ஹார்மன் கம்பெனியின் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2012 முதல் நடத்திய ஆய்வுகளில், எந்த ஹெட்போன் என்று தெரியாமல் கேட்க வைத்தபோது பெரும்பாலானோரின் விருப்பம் ஏறக்குறைய ஒரே பக்கம் சாய்ந்தது. பெயர்ப் பலகை மறைந்ததும் புகழும் கொஞ்சம் மறைந்தது. ஆகவே திருத்துகிறவர் தன்னைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பழையபடி மாற்றிக் கேட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் இன்னொருவரிடம் எதுவும் சொல்லாமல் கொடுத்துக் கேட்கச் சொல்ல வேண்டும். மனப்பிரமை மிக அதிகமாக விளையாடும் இடம் கேபிள். வெள்ளிக் கம்பி, பின்னிய கம்பி, பட்டு உறை என்று விற்கிறார்கள். எச்.டி. 600-ன் மின்தடை 300 ஓம். மூன்று மீட்டர் செம்புக் கேபிளால் 1 ஓம் கூடினாலும் ஓசையில் வரும் மாற்றம் 0.03 டெசிபெல். அதைக் கேட்கும் காது இந்தப் பூமியில் இல்லை. கேபிள் அறுந்தால் மாற்றுங்கள், நீளம் இடைஞ்சலாக இருந்தால் மாற்றுங்கள். இனிமைக்காக மாற்றுவது, நகைக் கடைக்குப் போக வேண்டிய பணம் வழிதவறிப் போவது. அறுந்ததை சால்டரிங் செய்வதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: பல ஹெட்போன் கேபிள்களில் உள் இழைகள் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, செம்பு நிற வார்னிஷ் பூசியவை. வயர் உறையைச் சீவினால் மட்டும் ஈயம் பிடிக்காது. சூடான முனையில் ஈயச் சொட்டை வைத்து, இழைகளை அதற்குள் சில நொடி நனைத்து, வார்னிஷ் புகையாகப் போகும்வரை காத்திருக்க வேண்டும். ‘ஈயம் வைத்தேன், ஒரு பக்கம் கேட்கவில்லை’ என்பவர்கள் தவறவிடுவது இந்தச் சில நொடிகளைத்தான்.

பிரிக்கவே வேண்டாம், போனில் ஈக்வலைசர் இருக்கிறதே என்பது மூன்றாவது வாதம். எல்லா வாதங்களிலும் இதுதான் பலமானது; காசில்லாதது, ஒரு தொடலில் பழையபடி திரும்பக்கூடியது. எந்த ஸ்தாயி கூடுதல், எது குறைவு என்ற அளவில் பஞ்சால் செய்வதில் பெரும்பகுதியை அதனால் செய்துவிட முடியும், பஞ்சைவிடத் துல்லியமாகவே. அதனால் ஓசைக் குறைக்கு முதல் மருந்தாக ஈக்வலைசரைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கசியும் இயர்பேடை அதனால் அடைக்க முடியாது. கீழ் ஸ்தாயியை ஏற்ற ஏற்றக் கசிவின் வழியே அது போய்க்கொண்டேதான் இருக்கும், சவ்வு மட்டும் வீணாக உழைக்கும். மூக்குக்கண்ணாடியின் காம்பு கசிவை உண்டாக்கினால், தலையைத் திருப்பும்போதெல்லாம் அளவு மாறும். எந்தக் கணக்கை வைத்துத் திருத்துவது? ஒரு பக்க நுரை அமுங்கி, மறுபக்கம் அமுங்காமல் இருந்தால் பாடுகிறவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். முடி, உரிந்த தோல், அறுந்த கேபிள், தலையை நெரிக்கும் பட்டை ஆகியவற்றுக்கு மென்பொருளில் மாத்திரை இல்லை.

கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஜப்பானின் ஸ்டாக்ஸ் வகை நிலைமின் ஹெட்போனில் சவ்வுக்கு 580 வோல்ட் அழுத்தம் நிற்கும். அதைத் திறப்பதை ஆர்வம் என்று சொல்லக் கூடாது, அறிவீனம். ஆடிஸி, ஹைஃபைமேன் போன்ற தட்டைச் சவ்வு ஹெட்போன்களில் காந்தங்கள் வரிசையாக இருக்கும். சாதாரண இரும்பு ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்தில் கொண்டுபோனால் கையிலிருந்து பிடுங்கிச் சவ்வில் குத்திக்கொள்ளும். அங்கே காந்தம் பிடிக்காத கருவி வேண்டும்; மேசையில் இரும்புத் தூள் இருக்கக் கூடாது. டிரைவர்களைக் கம்பெனிகள் அளந்து ஜோடி சேர்க்கின்றன. ஒரு பக்கம் போய்விட்டதென்று எங்கிருந்தோ ஒற்றை டிரைவர் வாங்கி மாட்டினால், வீணையின் ஒரு தந்தியை வேறு ஊரில் சுருதி சேர்த்த கதையாகும். மலிவு இயர்பேடுகளும் இந்தக் கணக்கில்தான் வரும். வெளித் தோற்றம் அச்சு அசல். உள்ளே நுரையின் அடர்த்தியும், உட்புறத் துளைகளும், தடிமனும் வேறு. அது பாகம் மாற்றுவது ஆகாது, தெரியாமல் திருத்துவது ஆகும். திருத்துவது தப்பில்லை, தெரியாமல் திருத்துவதுதான் தப்பு.

உத்தரவாதம் போய்விடும் என்ற பயத்துக்கு வருவோம். ‘இந்த ஒட்டு கிழிந்தால் உத்தரவாதம் செல்லாது’ என்று எழுதி ஒட்டிய துண்டுக் காகிதம் நம்மை மிரட்டுகிற அளவுக்கு வேறெதுவும் மிரட்டுவதில்லை. இந்தியாவில் இந்த மிரட்டலுக்கு முதல் பெரிய அடி விழுந்தது ஹெட்போனில் அல்ல, காரில். உதிரிப் பாகங்களை வெளிச்சந்தையில் விடாமல் தங்கள் டீலர்களிடமே முடக்கி வைத்ததற்காக, 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்தால் உத்தரவாதம் மொத்தமாக ரத்து என்று ஒரேயடியாகச் சொல்லக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. மேல்முறையீடுகள் தனிக் கதை, கொள்கை நிலைத்துவிட்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கான இணையவாசலைத் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன் மற்றும் மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நான்கு துறைகள். எந்தக் கம்பெனியின் பொருளை எங்கே, எப்படிப் பழுது பார்ப்பது என்ற விவரத்தைக் கம்பெனிகளே அதில் தர வேண்டும் என்பது ஏற்பாடு. கட்டாயப்படுத்தும் சட்டமாக இது இன்னும் பல் முளைக்காத குழந்தைதான். அதனால்தான் வாங்குகிறவரின் கேள்விக்குக் கடையில் இன்னும் மதிப்பு இருக்கிறது. சென்னையில் தொடங்கிய ஹெட்போன் ஸோன் போன்ற கடைகள் வந்த பிறகு, எந்த மாடலின் இயர்பேடும் கேபிளும் தனியாகக் கிடைக்கும் என்று கேட்டு வாங்க முடிகிறது. ஓசை எப்படி என்று அரை மணி நேரம் விசாரிப்பவர், இதற்கு அரை நிமிடம் ஒதுக்கலாம்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இவ்வளவு விலை கொடுத்து ஹெட்போன் வாங்குகிறவர் எத்தனை பேர், இது பணக்காரப் பொழுதுபோக்கு இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. சரி, எண்ணிக்கை குறைவுதான். ஆனால் உண்மையான பணக்காரப் பழக்கம் எது? இருபது வருடம் ஒரே ஹெட்போனுக்குப் பஞ்சு மாற்றுவதா, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை காதில் சொருகும் வயர்லெஸ் ஒன்றைக் குப்பையில் போட்டுப் புதிது வாங்குவதா? ஆப்பிள் 2016-ல் ஏர்பாட்ஸ் கொண்டுவந்தபோது, பொருள்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்குப் பூஜ்யம் கொடுத்தது. அதன் சின்னஞ்சிறு லித்தியம் பேட்டரியை, கூட்டைச் சேதப்படுத்தாமல் எடுக்க வழியே இல்லை. பேட்டரியின் ஆயுள்தான் அந்தப் பொருளின் ஆயுள். அதுவும் சில வருடம். ஒட்டாமல் செய்ய முடியாது, சின்னப் பொருள், வியர்வை புகும் என்று கம்பெனிகள் சொல்லும் காரணத்தை, நெதர்லாந்தின் ஃபேர்போன் பொய்யாக்கியது. 2023-ல் திருகாணிகளால் பிரித்து மாற்றக்கூடிய தலை ஹெட்போனையும், 2024-ல் பேட்டரி மாற்றக்கூடிய காதுப் பொத்தான்களையும் வெளியிட்டது. அந்தப் பொத்தான்களுக்கு அதே ஐஃபிக்ஸிட் பத்துக்குப் பத்து போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ம் ஆண்டு பேட்டரிச் சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கச் சாதனங்களில், சில விதிவிலக்குகள் தவிர, பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அங்கே அச்சு மாறினால் இங்கே வரும் பெட்டிக்குள்ளும் அதே அச்சுதான் வரும்; ஒரே தொழிற்சாலை இரண்டு விதமாகச் செய்துகொண்டிருக்காது.

அதுவரை காதுப் பொத்தான்களின் பேட்டரி மாற்றும் வேலை செல்போன் ரிப்பேர்க் கடைகளின் கண்ணாடி மேசைக்குத்தான் வரும். ஹீட் கன்னால் ஓரத்தைச் சூடாக்கி, சவர பிளேடை இடுக்கில் நுழைத்து, பிளாஸ்டிக் வெடிக்காமல் திறந்து, உள்ளே பட்டாணி அளவில் படுத்திருக்கும் பேட்டரியின் இரண்டு மெல்லிய தகடுகளை விடுவித்து, புதியதை வைத்து, கூடு பழையபடி மூடிக்கொள்ள மறுக்கும் இடத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டுக் கட்டைவிரலால் முப்பது நொடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது.